கிட்டத்தான் மதுரை

மதுரைக்குப் போகலாம் என்று கோவலன் சொன்னது ராத்திரி. கிளம்பியது விடியும் முன்னே. நடுவில் யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. புகாரின் பெரிய வணிகன் மாசாத்துவானுக்குத் தன் மகன் கிளம்பியது தெரியாது. அவனுக்குக் கொஞ்சமும் குறையாத பணக்காரன் மாநாய்கனுக்குத் தன் மகள் கண்ணகி அவனோடு கிளம்பியது தெரியாது. வண்டி இல்லை, எடுபிடிக்கு ஆள் இல்லை. கட்டுச்சோறு கட்டியதாகக்கூட இளங்கோவடிகள் எழுதவில்லை. கையிலிருந்த மொத்தச் சொத்து ஒரு ஜோடிச் சிலம்பு. இப்படிக் கிளம்பினால் உருப்படாது என்று எந்த வீட்டுப் பெரியவரும் சொல்லிவிடுவார். ஆனால் போன ஊரே எரிந்து சாம்பலாகும் என்று எந்தப் பெரியவரும் கணித்திருக்க முடியாது.

சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் நமக்கு ஊழ்வினை, கற்பு, அரசநீதி என்று மூன்று பாடமாக நடத்தினார்கள். நாமும் பத்து மார்க்குக்கு எழுதிவிட்டு வந்துவிட்டோம். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள்: நாடுகாண் காதை, காடுகாண் காதை, புறஞ்சேரி இறுத்த காதை, ஊர்காண் காதை. புருஷனும் பெண்டாட்டியும் ஊர் ஊராகத் தங்கி, தோப்பில் படுத்து, காட்டைக் கடந்து, ஆற்றைத் தாண்டிப் போன பயணத்தின் அட்டவணை இது. முப்பது காதையில் பத்தாவதில் கிளம்பி, பதினாறாவதில் கோவலன் கதை முடிகிறது.

பயணத்துக்குக் காரணம் ஒரு பாட்டுச் சண்டை. இந்திர விழா முடிந்து கோவலனும் அவன் மயங்கிக் கிடந்த ஆடல்மகள் மாதவியும் கடற்கரைக்குப் போனார்கள். யாழை வாங்கி அவன் பாடினான். பாட்டில் வேறொருத்தி வாடை அடித்தது மாதவிக்கு. உடனே அவளும் மனதில் வேறொருவன் இருப்பது மாதிரி ஒரு பாட்டை எடுத்து விட்டாள். அவள் சும்மா பாடினாள். அவன் நிஜம் என்று எடுத்துக்கொண்டான். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மாலையை வாங்கி அவளோடு தொடங்கிய உறவு, ஒரு கச்சேரியில் முடிந்தது. நேரே வீட்டுக்கு வந்து கண்ணகியிடம் சொத்தெல்லாம் போச்சு என்று புலம்பினான். அந்தம்மா என்ன நினைத்தாள் தெரியுமா? மாதவிக்குக் கொடுக்கக் கையில் பணமில்லாமல் வந்திருக்கிறார் போல என்று நினைத்து, சிரித்த முகத்தோடு சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கோங்க என்றாள். கல்யாணத்தின்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பதினாறு. அதற்குப் பிறகு அவளோடு இருந்த நாளைவிட இல்லாத நாள்தான் அவன் கணக்கில் அதிகமாகியிருக்கும். அவள் பதிலே அதற்குச் சாட்சி. கோவலன் கொஞ்சம் கூசியிருக்க வேண்டும். இந்தச் சிலம்பை முதலாக வைத்து மதுரையில் தொழில் பண்ணிப் போனதை எல்லாம் மீட்கலாம், கிளம்பு என்றான்.

காவிரியின் வடகரையோடு மேற்கே நடை. சொகுசாக வளர்ந்த கால். ஒரு காதம் தாண்டியதுமே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கேட்டதும் கோவலன் சிரிக்கிறான். சோழநாட்டைத் தாண்டி ஆறைந்து காதம், கிட்டத்தான் என்கிறான். முப்பது காதம்! ஆனால் சொன்ன விதத்தில், களைத்துப் போனவள் காதுக்கு ஐந்தோ ஆறோ என்றுதான் விழுந்திருக்கும். மேலூர் தாண்டாமலே மாட்டுத்தாவணி வந்துருச்சு, இறங்கப் போறோம் என்று சொல்லும் மதுரைக்கார மாப்பிள்ளைகளுக்கெல்லாம் மூலகுரு இவன்தான்.

நல்லவேளையாக அங்கேயே மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தார். சமணத் துறவி கவுந்தியடிகள். அறிஞர்களிடம் அறவுரை கேட்க எனக்கும் மதுரை போகணும், நானும் வருகிறேன் என்று பிச்சைப் பாத்திரத்தையும் மயிற்பீலியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்தக் கூட்டத்தில் வழியைப் பற்றி யோசித்த ஒரே ஜீவன் இவர். கிளம்பும்போதே எச்சரிக்கை தருகிறார். தோப்பு வழியாகப் போனால் நிழல் உண்டு. ஆனால் கிழங்கு தோண்டிய குழியைச் சண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், கால் உள்ளே போய்விடும். குழியைப் பார்த்துக் குனிந்து நடந்தால் மேலே தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். கீழே சிதறிக் கிடக்கும் பலாக்கொட்டை பரல் மாதிரி காலில் குத்தும். சரி, வயல் வழியாகப் போகலாம் என்றால், கயலைத் துரத்தி நீர்நாய் கவ்விய வாளை மீன் குறுக்கே பாயும், பெண்பிள்ளை பயந்துவிடுவாள். கரும்பில் கட்டிய தேன்கூடு உடைந்து குளத்தில் கலந்திருக்கும், தாகத்தில் தெரியாமல் குடித்துவிடுவாள். வரப்பில் நண்டும் நத்தையும் மிதிபட்டுச் செத்தால் அந்தப் பாவம் தனி. ஆக, ஒரு வழியில் நமக்கு ஆபத்து; இன்னொரு வழியில் நம்மால் நண்டுக்கு ஆபத்து. சோழநாட்டின் செழிப்பை இதைவிட அழகாகக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்கவில்லை. நடந்த நாளைவிடத் தங்கிய நாள் அதிகம். இன்று காரை எடுத்தால் பூம்புகாரிலிருந்து ஆறேழு மணி நேரத்தில் மதுரை வந்துவிடும், நடுவில் டீக்கு நிறுத்தினாலும்.

காரில் நாயையும் ஏற்றிக்கொண்டு, கண்ட இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கும் தம்பதிகள் இப்போது நிறைய. கோவலன் போன பாண்டி நாடு, நாய்க்குப் பேர்போன பூமி. இன்றைக்கு ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று ஒவ்வொரு ஊரும் ஒரு சாதி நாய்க்குப் பெயர் தந்திருக்கிறது. கோவலனோடு ஒன்றும் வரவில்லை. நாய்க் குடும்பத்தில் அவர்களுக்கு வாய்த்தது இரண்டு நரி. அதுவும் காட்டு நரி இல்லை, ஆக்கிய நரி.

திருவரங்கத்தைக் கடந்து காவிரியின் தென்கரையில் ஒரு சோலையில் இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலைவெட்டி இல்லாத ஒருவனும் அவனோடு திரியும் ஒருத்தியும் வந்தார்கள். மன்மதனும் ரதியும் மாதிரி இருக்கிறார்களே, யார் இவர்கள் என்று விசாரிப்பு. கவுந்தி வெள்ளந்தியாக, என் பிள்ளைகள் என்றார். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் புருஷன் பெண்டாட்டியாக இருப்பார்களா, படித்த அம்மா சொல்லுங்கள் என்று இருவரும் இளித்தார்கள். கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்கினாள். நண்டு மிதிபடுமே என்று கவலைப்பட்ட அதே கவுந்தி, முள்காட்டில் கிழ நரியாகத் திரியுங்கள் என்று ஒரே வீச்சு. அடுத்த நொடி ஊளைச் சத்தம்! கோவலனுக்கும் கண்ணகிக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அறியாமல் பேசிவிட்டார்கள், மன்னித்து விடுங்கள் என்று கெஞ்சினார்கள். கவுந்தியும் இறங்கி வந்து, உறையூர் மதிலுக்கு வெளியே காட்டில் பன்னிரண்டு மாதம், அதன் பிறகு பழைய உருவம் என்று தண்டனைக்குக் காலவரை போட்டார். இந்தப் பன்னிரண்டு மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு தீர்ப்போடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

உறையூர் தாண்டியதும் ஒரு மறையவர் எதிர்ப்பட்டார். மேற்கே குடமலைப் பக்கம் மாங்காட்டுக்காரர். திருவரங்கத்தையும் திருவேங்கடத்தையும் சேவிக்கக் கிளம்பியவர். மதுரைக்கு வழி கேட்டதுதான் தாமதம், கடகடவென்று கொட்டிவிட்டார். கொடும்பாளூர்க் குளக்கரைக்குப் போனால் வழி சிவன் கைச் சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் வாழையும் கமுகும் மாவும் பலாவும் அடர்ந்த சிறுமலை. (சிறுமலை வாழைப்பழத்துக்கு இன்றைக்கும் திண்டுக்கல்லில் தனி மரியாதை.) இடப்பக்கம் போனால் அழகர்மலை. அங்கே ஒரு குகை, உள்ளே மூன்று பொய்கை. ஒன்றில் குளித்தால் இந்திரன் செய்த இலக்கணம் தலையில் ஏறும். இரண்டாவதில் குளித்தால் முன்பிறவி தெரியும். மூன்றாவதில் குளித்தால் நினைத்தது கிடைக்கும். குகைக்குள் வரோத்தமை என்ற தெய்வம் நின்று, இம்மைக்கு இன்பம் எது, மறுமைக்கு எது, எப்போதும் அழியாதது எது என்று கேட்கும். பதில் சொன்னால் கதவு திறக்கும். சொல்லாவிட்டாலும் ஒன்றும் செய்யாது, உங்கள் பாட்டுக்குப் போகலாம்.

முழுப் பொட்டலத்தையும் கேட்டுவிட்டுக் கவுந்தி சொன்ன பதிலின் சாரம் இது: இலக்கணம் எங்கள் அருகன் நூலிலேயே இருக்கிறது. முன்பிறவியில் என்ன செய்தோம் என்பது இந்தப் பிறவியைப் பார்த்தாலே தெரிகிறது. உண்மையாக நடந்தால் வேண்டியது தானே கிடைக்கும். நீங்கள் உங்கள் சாமியைப் போய்ப் பாருங்கள், நாங்கள் எங்கள் வழியைப் பார்க்கிறோம். தள்ளுபடி என்று சொல்லிக் கூவுகிறவரை இவ்வளவு மரியாதையாகக் கழற்றிவிட்ட ஆள் தமிழில் வேறு இல்லை.

மூவரும் பிடித்தது நடுவழி. வலத்தில் சிறுமலை, இடத்தில் அழகர்மலை என்றால் இன்றைய வரைபடத்தில் இடையில் இருப்பது நத்தம். இப்போது நத்தம் சாலையில் மதுரைக்குள் நுழைகிறவர்களுக்கு 2023இல் திறந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் இருக்கிறது. அப்போது அங்கே பறந்தது ஒரு வனதேவதை.

கோவலன் தண்ணீர் குடிக்கப் பொய்கைக்குப் போனான். மாதவியின் தோழி வசந்தமாலை ஓடிவந்து காலில் விழுகிறாள்! மாதவி என்னைத் துரத்திவிட்டாள், வணிகர் கூட்டத்தோடு இந்தப் பக்கம் வந்தேன் என்று அழுகிறாள். நடுக்காட்டில், பெண்டாட்டி கூப்பிடு தூரத்தில் இருக்க, பழைய வீட்டுத் தோழி! எந்தப் புருஷனுக்கும் வேர்க்கும். ஆனால் கோவலன் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தான். இந்தக் காட்டில் மயக்கும் தெய்வம் உண்டு என்று மறையவர் சொன்னது நினைவுக்கு வந்து, ஒரு மந்திரத்தைச் சொன்னான். வசந்தமாலை வனசாரிணி ஆனாள். நான்தான் மயக்கப் பார்த்தேன், உங்கள் மனைவியிடமும் அந்தப் புண்ணியவதியிடமும் இதைச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டாள். பேய்க்கே கண்ணகியிடமும் கவுந்தியிடமும் பயம். அவன் தாமரை இலையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வந்தான்.

அடுத்த தங்கல் வேட்டுவரின் கொற்றவை கோயில். வழிப்பறிதான் அவர்கள் தொழில். இந்த மூவரிடம் பறிக்க ஒரு ஜோடிச் சிலம்பு இருந்தது, ஒருவரும் தொடவில்லை. சாமியாடிய சாலினி கண்ணகியைப் பார்த்து, இவள் கொங்கு நாட்டுச் செல்வி, குடமலைக்கு உரியவள், தென்தமிழ்ப் பாவை என்று பொழிந்தாள். கண்ணகிக்கு வெட்கம். இந்த அம்மா ஏதோ உளறுகிறாள் என்று சொல்லிக் கோவலனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தாள். மொத்தக் காவியத்தில் அவள் மனம்விட்டுச் சிரித்த இடங்களைத் தேடினால், இந்தக் கொள்ளைக்காரர் கோயில்தான் முதலில் கிடைக்கும்.

வெயில் தாங்கவில்லை. கண்ணகிக்காக ராத்திரி நிலவில் நடக்கலாம் என்று கோவலன் யோசனை சொன்னான். அதற்கு அவன் பாண்டிய நாட்டுக்குக் கொடுத்த நற்சான்று இருக்கிறதே, சுற்றுலாத் துறை சட்டம் போட்டு மாட்டலாம். இந்த ஆட்சியில் கரடி புற்றைத் தோண்டாது. புலி மானோடு மோதாது. பாம்பு, பேய், முதலை, இடி எதுவும் வழிப்போக்கரைத் தொடாது. செங்கோல் அப்படி!

நடுவில் ஒரு தபாலும் வந்தது. மாதவி அனுப்பிய கோசிகன் ஓலையோடு தேடி அலைந்துகொண்டிருந்தான். எதிரே நிற்பவன் கோவலன்தானா என்று அவனுக்கே சந்தேகம். அவ்வளவு வாடிப் போயிருந்தான். நேரே கேட்காமல், பக்கத்திலிருந்த குருக்கத்திக் கொடியிடம், கோவலனைப் பிரிந்த மாதவி மாதிரி நீயும் வாடினாயோ என்று பேச்சுக் கொடுத்து உறுதி செய்துகொண்டான். கடிதத்தைப் படித்த கோவலன், குற்றம் அவளுடையது இல்லை, என்னுடையது என்று ஒப்புக்கொண்டான். மாதவி மன்னிப்புக் கேட்டு எழுதிய வாசகம், தன் பெற்றோரிடம் தான் கேட்க வேண்டிய மன்னிப்புக்கும் அப்படியே பொருந்துகிறது என்று கண்டான். அந்த ஓலையையே அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டு என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். தனக்கு வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடும் பழக்கம் வாட்ஸ்அப் வந்து தொடங்கியது இல்லை.

வழியில் பாணர்களோடு சேர்ந்து யாழ் வாசித்துவிட்டு, மதுரை இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். மதுரைத் தென்றல் வாசனையோடு இங்கேயே வீசுகிறதே, கிட்டத்தான் என்றார்கள். கண்ணகியிடம் அவன் சொன்ன அதே வார்த்தை. இந்த முறை மட்டும் அது உண்மை.

வையை வந்தது. குதிரை முகம், யானை முகம், சிங்க முகம் வைத்த ஓடங்கள் துறையில் ஓடிக்கொண்டிருந்தன. (ஆமாம், வைகையில்தான். அழகர் இறங்க அணையைத் திறந்துவிடும் ஆற்றில்தான்.) அந்தப் பெரிய துறைப் பக்கம் போகாமல் மூவரும் மரப்புணையில் ஏறி அக்கரை சேர்ந்தார்கள். வையை கண்ணீரை மறைக்கப் பூவைப் போர்த்துக்கொண்டாள் என்கிறார் இளங்கோ. கோட்டைக் கொடிகள், வராதே வராதே என்று கை அசைத்தனவாம். மதுரை தன்னால் முடிந்த மட்டும் சொல்லிப் பார்த்தது.

கவுந்தியும் கண்ணகியும் துறவிகள் வாழும் புறஞ்சேரியில் தங்க, கோவலன் ஊர் பார்க்கப் போனான். பரத்தையர் தெருவையும் பார்த்தான். பொன் கடை, துணிக் கடை, கூலக் கடை எல்லாம் பார்த்தான். ஒன்பது வகை மணிகளையும் எடுத்து, இதில் இன்ன குற்றம், அதில் இன்ன குணம் என்று நூல் பிடித்துச் சொல்லும் வல்லுநர்களின் வீதியையும் பார்த்தான். சந்தோஷமாகத் திரும்பினான். மணியை உரசிப் பார்த்துச் சொல்ல ஒரு வீதியே உள்ள ஊர் என்பதையும் மனதில் வையுங்கள்.

பிறகு ஆயர்பாடி. இடைக்குல மாதரியிடம் கவுந்தி கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரி புது வீடு, புதுப் பாத்திரம், சாலி அரிசி, பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், பால் மோர் எல்லாம் கொடுத்தாள். காய் நறுக்கியதில் கண்ணகிக்கு விரல் சிவந்தது. முகம் வியர்த்தது, கண் சிவந்தது. அடுப்புக்கு வைக்கோல் தீ மூட்டிக் கொடுத்தது மாதரி மகள் ஐயை. கோவலன் பனையோலைத் தடுக்கில் உட்கார்ந்து, வாழைக் குருத்தில் சாப்பிட்டான். இத்தனை ஆண்டுக்குப் பிறகு அவளிடம் வருத்தமும் தெரிவித்தான். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவே இவ்வளவு தூரம் நடந்திருக்கலாம்.

சிலம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினான். திமில் காளை ஒன்று எதிரே பாய்ந்து வந்தது. ஆயர் பிள்ளையாக இருந்தால் கெட்ட சகுனம் என்று திரும்பியிருப்பான். அலங்காநல்லூர்ப் பையனாக இருந்தால் பிடித்துத் தொங்கியிருப்பான். புகார் வணிகனுக்கு இரண்டும் தெரியாது. நூறு கொல்லர் பின்தொடர வந்த அரண்மனைப் பொற்கொல்லனைப் பார்த்து, இதற்கு விலை போடுவீர்களா என்று கேட்டான். அரசியின் சிலம்பைத் தானே திருடி வைத்துக்கொண்டு, யார் தலையில் கட்டலாம் என்று காத்திருந்தவனிடம் போயா கேட்பது!

அதே நேரம் அரண்மனையில் இன்னொரு தம்பதிச் சண்டை. ஆடல் மகளிரை அரசன் ரசித்த விதம் பிடிக்காமல், தலைவலி என்று சொல்லிவிட்டு அரசி எழுந்து போய்விட்டாள். சமாதானம் செய்யப் பாண்டியன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தான். வழியில் கொல்லன் காலில் விழுந்து, திருடன் என் குடிசையில் இருக்கிறான் என்றான். அரசன் நிற்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவா என்று காவலருக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனான். பாட்டுச் சண்டையில் தொடங்கிய பயணம் ஆட்டச் சண்டையில் முடிந்தது. காவலர்களுக்கே சந்தேகம் வந்தது, இவன் முகத்தில் திருட்டுக் களை இல்லையே என்று. கொல்லன் திருடர் சாத்திரத்தையே எடுத்து விட்டான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு உபாயம். பாடம் கேட்டு முடிவதற்குள் ஒரு குடிகாரன் வாளை வீசிவிட்டான்.

மதுரையைச் சுற்றி எரிமலை கிடையாது. யானைமலை, நாகமலை, பசுமலை எல்லாம் மனிதன் பிறக்கும் முன்பே ஆறிப்போன பாறை. யானை, பாம்பு, பசு உருவில் வந்து கல்லானவை என்று தலபுராணம் வேறு. எரிமலை செய்ய வேண்டிய வேலையைக் கண்ணகி செய்தாள். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பை வரவழைத்து அரசவையில் உடைத்தாள். அரசி சிலம்பில் முத்து. இவள் சிலம்பில் மாணிக்கம். பரல் ஒன்று தெறித்து அரசன் முகத்திலேயே விழுந்தது. அவ்வளவுதான் விசாரணை, இலை போட்டுச் சோறு பரிமாறும் நேரம்கூட ஆகவில்லை. அதன் பிறகு தீ. அந்தக் கோபத்திலும் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள் இவர்களை விட்டுவிடு என்று தீக்குப் பட்டியல் கொடுத்தாள். பிறகு மேற்கு வாசல் வழியாகத் தனியே வெளியேறி, வையைக் கரையோடு மேலே ஏறினாள். பதினான்காம் நாள் மலைமேல் கணவனைக் கண்டாள் என்பது கதை. குமுளிக்கு மேலே, தமிழ்நாடு கேரள எல்லையில் இருக்கும் மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும் மக்களை விடுகிறார்கள். இரண்டு மாநில அதிகாரிகள் உட்கார்ந்து பேசினால்தான் அதுவும். கோவலன் வெட்டுப்பட்ட இடம் என்று மதுரைப் பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டலைக் காட்டுகிறார்கள்.

போன வழியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். குகைத் தெய்வம் மூன்று கேள்வி கேட்கும். பதில் வராவிட்டாலும் ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிடும். வனசாரிணி மயக்கப் பார்த்தாள். மாட்டிக்கொண்டதும் உண்மையைச் சொன்னாள். வழிப்பறி வேட்டுவர் சிலம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபக்காரக் கவுந்திகூட, கெஞ்சியதும் தண்டனையைப் பன்னிரண்டு மாதமாகச் சுருக்கினார். தீ கூடப் பட்டியல் பார்த்துத்தான் எரித்தது. யாரையும் எதுவும் கேட்காமல், கால அவகாசம் தராமல், மணிக்கு ஒரு வீதியே இருந்தும் உரசிப் பார்க்காமல் காரியத்தை முடித்தது, கரடிக்கும் புலிக்கும் பாடம் நடத்திய அந்தச் செங்கோல் ஒன்றுதான். முப்பது காதம் காட்டு வழி அவர்களை ஒன்றும் செய்யவில்லை. ஊருக்குள் வந்த பிறகுதான் கோவலன் உயிர் போனது. கோவலன் தன் நற்சான்றில் முதலையை மறக்கவில்லை, இடியை மறக்கவில்லை. அவசரத்தில் இருக்கும் அரசனை மட்டும் சேர்க்க விட்டுவிட்டான்.